ஓடாத வண்டியின் மிச்சம்

எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்ற என்னை மேனேஜர் ஆக்கியது என் கையெழுத்துதான். அதற்கு முன் கரும்பு வெட்டினேன், பெங்களூர் டீக்கடையில் கிளாஸ் கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன். எங்கும் ஒரு வருஷம் தாண்டவில்லை. கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருந்த பாய்க்கு வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றி ஓடும் ஜீப்புகள் இரண்டு இருந்தன. ஒருநாள் அவர் கடையில் கம்பி இறக்கிவிட்டுக் கூலிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

"எழுத்து அச்சு மாரி இருக்குதே," என்றார்.

மறுநாள் முதல் ஜீப்புகளுக்கு நான் மேனேஜர். சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டேன். டிரைவர்கள் இருவரும் "மேனேஜரே" என்று கூப்பிட்டதில் கிண்டல் இருந்தது என்பது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கக் கிளம்பிய பாய், என்னிடம் பட்ஜெட் கேட்டார். "இன்னா வரும், இன்னா போவும்னு எழுதி வெய்யி. அதுக்குள்ள ஓட்டு." பத்து நாள் டீசலுக்குப் பணமும் கொடுத்தார். அதன்பிறகு கலெக்ஷனிலேயே வண்டி ஓட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதில் வண்டிக் கடன் தவணை, பிறகு எங்கள் மூன்று பேர் சம்பளம்.

நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு முடித்த மறுநாள், போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஒரு வாரம் எந்தச் சக்கரமும் உருளவில்லை. டிரைவர்கள் ஜீப் நிழலில் தாயம் ஆடினார்கள். நான் நோட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். டீசல் வரியில் ஏழு நாளும் சுழி. புதிதாக ஒரு பத்தி போட்டு, 'மிச்சம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

"இன்னா மேனேஜரே, வண்டி நின்னுகினு இருக்குது, நீ சிரிச்சிகினு இருக்கிற?" என்று கேட்டார் மூத்த டிரைவர்.

"செலவு கம்மியாயிடுச்சிண்ணே. டீசல்லயே எவ்ளோ மிச்சம் தெரியுமா?"

"வரவு?"

"அதுவும் இல்லதான். ஆனா அது வேற பத்தி."

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "எனுக்கு ரெண்டு மாசம் வாடகை பாக்கி. ஒண்ணாந்தேதி குடுக்கலன்னா வூட்டுக்காரன் சட்டிபானைய ரோட்ல வெச்சிடுவான். என் சம்பளம் எந்தப் பத்தில இருக்குதுன்னு பாத்துக்கோ."

நான் அதைப் பார்க்கவில்லை. மிச்சம் சும்மா கிடந்தால் வீணாகிவிடும் என்று பயந்து, இரண்டு ஜீப்புக்கும் நீலப் பெயின்ட் அடித்து, சீட்டுகளுக்குப் பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்தேன்.

சாலை திறந்தபோது கையில் மூன்று நாள் டீசலுக்குத்தான் காசு இருந்தது. மலைக்குப் போகும் ஒரு அம்மா சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மெத்த போட்டுட்டன்னு ஜாஸ்தி கேக்காத," என்று பழைய கட்டணத்தையே நீட்டினாள். எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள். வராமல் போன ஒரு வாரக் கலெக்ஷன் அதன்பிறகும் வரவில்லை. அது எங்கோ தேங்கி நிற்பதாகவும், பின்னால் சேர்ந்து வரும் என்றும் நான் நம்பியிருந்தேன்.

ஒண்ணாந்தேதி பாய் வந்தார். தவணை கட்டியது போகப் பெட்டியில் இரண்டு பேர் சம்பளம்தான் இருந்தது. டிரைவர்கள் இருவரும் கடை வாசலில் நிற்க, பாய் நோட்டைக் கடைசி வரி வரை படித்தார்.

"மிச்சம்னு அழகா எழுதிகிற. அத எடு தம்பி, மூணாவது சம்பளத்தையும் குடுத்துடலாம்."

நான் வெளியே பளபளத்த ஜீப்புகளைக் காட்டினேன். மூத்த டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். "ஓடாததுக்குச் செலவு இல்லன்னு நீயே எழுதி வெச்சிகிற. இந்த மாசம் மேனேஜர் ஓடல." என் சம்பள வரியை அடித்துவிட்டு, பேனாவைத் திரும்பப் பையில் குத்தினார். பெட்டியிலிருந்த பணத்தை டிரைவர்கள் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். மூத்த டிரைவரின் வாடகை பாக்கி தீர்ந்தது, சட்டிபானை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சம்பளம் இல்லாமல் ஓட்டிய அடுத்த மாதம் முழுக்க எனக்கு மதியச் சோறு வாங்கிக் கொடுத்தவர் மூத்த டிரைவர்தான். முதல் நாள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பட்ஜெட்ல இல்ல மேனேஜரே," என்றார்.