மதினி பார்த்ததும் நான் எழுதியதும்

என் மகளுக்கு ஒன்றே கால் வயது நடந்துகொண்டிருந்தபோது நான் ஆசிரியப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தேன். திங்கள் முதல் வெள்ளிவரை பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் நடத்துவேன். சனிக்கிழமை காலையில் நானே மாணவியாகப் பெஞ்சில் போய் உட்காருவேன். நார்மல் கிளாஸ் என்று அதற்குப் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. அதில் தேறினால்தான் நிரந்தர ஆசிரியை. தேறாவிட்டால் எந்த மாதமும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக வந்த பாடம் கல்வி உளவியல். என் கணவர் அதை 'மனசுப் பாடம்' என்பார். அவர் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ரயில்வே குமாஸ்தா. காலையில் ஃபெர்ரி ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். "கணக்குக்குப் பாடம் இருக்கு, பூகோளத்துக்கு இருக்கு, சரி. மனசுக்குமா?" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரிப்பார்.

பாடம் எடுத்தவர் நடுவயது ஆங்கிலேயப் பெண்மணி. மெல்லிய குரல். பேசும்போது சாக்கட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருப்பார். முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பத்து வாரம் கவனித்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்" என்றார். மற்றவர்கள் தங்கள் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் என் மகளைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொன்னால், சோம்பல்தான் காரணம். வீட்டிலேயே ஒரு குழந்தை இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் நான் வீட்டில் எங்கே இருந்தேன்? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைக்கு மேலே இரண்டு அறை எங்களுக்கு. நான் காலையில் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்தால் பள்ளி நோட்டுகளைத் திருத்தவே பொழுது சரியாக இருக்கும். அவளைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, ஜன்னலில் நிறுத்தித் தெருவைக் காட்டியது எல்லாம் என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். பட்டர்வொர்த் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. என் கணவர் போய் அழைத்துவந்தார். மதினிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்து வாசல் மிதித்ததில்லை. கேட்டால் ஒழியப் பேசமாட்டார்.

என் முதல் கட்டுரையில், 'குழந்தை புத்திசாலி, பிடிவாதக்காரி, பாட்டென்றால் ஆசை' என்று ஒரு பக்கம் எழுதினேன். அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "இது ஓர் அம்மாவின் அபிப்பிராயம். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்று கீழே எழுதியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். நான் எதையுமே பார்த்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் நோட்டும் பென்சிலுமாக மதினி முன்னால் உட்கார ஆரம்பித்தேன். பாப்பா எத்தனை மணிக்கு எழுந்தாள், எதற்கு அழுதாள், எவ்வளவு நேரம் அழுதாள் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் குனிந்து எழுதுவேன். மூன்றாம் நாள் பதில் நின்றுபோனது. இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

"மதினி, என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்? நீ எழுது."

"சொன்னாத்தானே தெரியும்."

சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "புள்ளைய நான் ஒழுங்கா பாக்கலேன்னு தம்பிகிட்டக் காட்டத்தானே எழுதுற? புடிக்கலேன்னா நேரா சொல்லு புள்ள. நான் தோட்டத்துக்கே திரும்பிப் போயிடுறேன். தோட்டத்துல கங்காணிதான் இப்படி நோட்டு வெச்சுக்கிட்டுக் கேப்பாரு."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என்ன எழுதுகிறேன், யாருக்காக எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தைகூட அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மை வாங்கிய கதையையும் சொன்னேன். எழுதியதை முதல் பக்கத்திலிருந்து தமிழில் படித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ள அழுவுறது, சிரிக்கிறது, இதையெல்லாமா அந்த வெள்ளைக்காரம்மா படிக்கப் போவுது?"

"ஆமா மதினி."

"அப்ப மொதல்லயே சொல்றதுக்கென்ன லா! நான் நல்லாப் பாத்துச் சொல்லியிருப்பேன்ல?"

அப்படித்தான் சொன்னார் பிறகு. பிஸ்கட் டின்னின் மூடியை மகள் திறந்ததை நானாக இருந்தால் 'கெட்டிக்காரி, திறந்துவிட்டாள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். மதினி சொன்னது வேறு: "மொதல்ல டின்னத் தரையில தட்டினா. அப்புறம் மூடியக் கடிச்சா. என்கிட்டக் கொண்டாந்தா. நான் வாங்கல. தூக்கிப் போட்டா, அப்ப மூடி கழண்டுக்கிச்சு. இப்பல்லாம் தட்டுறதுமில்ல, கடிக்கிறதுமில்ல. எடுத்ததும் தூக்கித்தான் போடுறா." அந்த வாரச் சனிக்கிழமைப் பாடம், தட்டுத் தடுமாறிச் சரியான வழியைக் கண்டுபிடிப்பது பற்றியது. நான் வகுப்பில் உட்கார்ந்து டின்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள், 'மாட்டைக் கண்டால் ம்மா என்கிறாள்' என்று எழுதிவைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் மாட்டு வண்டி எங்கள் ஜன்னலுக்குக் கீழே தினமும் போகும்.

"அது தப்பு," என்றார் மதினி. "மாட்டச் சொல்லல அவ. மணியச் சொல்றா."

"எப்படித் தெரியும்?"

"சூலியா ஸ்திரீட்ல டிராம் மணி அடிச்சதுக்கும் ம்மான்னா. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. நேத்து இவ பொம்மைய வெச்சு வெளையாடிக்கிட்டு இருந்தப்போ, பின்னால நின்னு பூசை மணிய ஆட்டினேன். ம்மான்னுட்டு ஜன்னலுக்கு ஓடினா. இன்னைக்குப் பால்காரர் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனேன். நாலு மாடு நின்னுச்சு. ஒண்ணு கழுத்துலயும் மணி இல்ல. வெரலச் சூப்பிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. வாயத் தொறக்கல."

அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் கட்டுரையாகத் திருத்தி எழுதும்போது, 'நான் பூசை மணியை அடித்துப் பார்த்தேன், நான் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன்' என்று எழுதினேன். திட்டமிட்டுச் செய்தேனா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அப்படித்தான் வந்தது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையை ஆசிரியை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "இரண்டையும் பிரித்துச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி கேட்டார்: "நான் மணி அடிச்சதையும் படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அன்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார், எனக்குப் பிடிக்கும் என்று. குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னால் பயிற்சியிலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற பயம். சொல்லாமல் இருந்தால் வீட்டில் அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லாம் என் நாத்தனார் பார்த்தது, அவர் செய்தது என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்," என்றார். "ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் பார்த்தது யார் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். யார் பார்த்தது என்று தெரியாத குறிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" பிறகு, "அவரை ஒருநாள் இங்கே அழைத்துவர முடியுமா?" என்றார்.

நோட்டில் எழுதி முடித்தபோது என் பெயருக்கு மிஞ்சியது சொற்பம். அதைக்கூடச் சுலபமாகச் செய்துவிட்டேன். மதினியிடம் சொன்னதுதான் கஷ்டம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதினது நீதானே, நீன்னுதானே வரும்?" என்றார். நான் வாய்விட்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வர மாட்டேன் என்றுதான் முதலில் பிடிவாதம் பிடித்தார். வெள்ளைச் சேலைக்காரி நாலு பேர் நடுவே போய் என்னத்தைப் பேச என்றார். கடைசியில், பாப்பாவைக் காட்டத்தானே என்று சம்மதித்து ரிக்‌ஷா ஏறினார். வகுப்பில் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றபடியே பேசினார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு சீனத் தோழி, மணியைத் தனியாக அடித்துப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

"மாடும் மணியும் ஒண்ணாவே வருது," என்றார் மதினி. "ரெண்டுல எதுன்னு தெரியணும்னா, தனித்தனியாக் காட்டித்தானே பாக்கணும்? சோறு ஒத்துக்கலையா கொழம்பு ஒத்துக்கலையான்னு பாக்குறதில்லையா?"

நான் சொல்லி முடிப்பதற்குள் ஆசிரியை கை தட்டிவிட்டார். குழந்தை கெட்டிக்காரியா என்று அடுத்து ஒருவர் கேட்டார். "அது எனக்குத் தெரியாது. இன்னும் பாக்கணும்," என்றார் மதினி. அந்தப் பதிலை நான் மொழிபெயர்த்தபோது என் முதல் கட்டுரை நினைவுக்கு வந்து காது சூடானது.

அந்த வருடம் நான் தேறினேன். சின்ன வகுப்பில் என் பாடமும் மாறியது. படமும் எழுத்தும் உள்ள அட்டையைத் தூக்கியதும் பிள்ளைகள் கோரஸாகச் சரியாகச் சொல்வதைக் கேட்டு முன்பெல்லாம் மகிழ்ந்துபோவேன். ஒருநாள் படத்தை மறைத்து எழுத்தை மட்டும் காட்டினேன். பாதிப் பேர் விழித்தார்கள். அன்றைக்கே தெரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சில மாதங்கள் கழித்து அந்த ஆசிரியை, தான் வாரநாட்களில் வேலை பார்த்த பள்ளியின் பாலர் வகுப்புக்கு உதவியாளாக மதினியை அனுப்ப முடியுமா என்று கேட்டு ஆளனுப்பினார். என் கணவர் கொதித்தார். "அக்காவ வேலைக்கு அனுப்பிட்டான்னு ஃபெர்ரியில நாலு பேரு பேசுவாங்க."

மதினி அடுப்படியிலிருந்து வந்தார். "நான் போறேன் தம்பி. பாப்பாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். வந்த ஆள்கிட்டக் கேட்டுட்டேன்." அவ்வளவுதான். அவர் தம்பி முன்னால் அப்படிப் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

பல வருடங்கள் அவர் அங்கே இருந்தார். பிள்ளைகள் அவரை அத்தை என்று கூப்பிட்டார்கள், சீனப் பிள்ளைகளும்தான். அதே ஃபெர்ரியில் என் கணவர், அக்கா வெள்ளைக்காரம்மாவுக்கே பாடம் சொன்ன கதையைப் பிறை போய்ச் சேரும்வரை சொல்லுவாராம். அவரோடு வேலை பார்த்தவரின் மனைவி ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னாள்.

சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உளவியலில் எனக்கு இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டார், இன்னொருவர் பார்த்துச் சொன்னார். என் தவற்றைத் தெரிந்துகொண்ட பிறகும் இருவரும் என்னைக் கைவிடவில்லை. அதற்கு நான் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன்.