கம்பம் இல்லாத நிழல்

எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் மலைப் படம் என்றால் இரண்டு வேலைகள் கட்டாயம் உண்டு. முதலில் கரண்ட் கம்பம், கம்பி எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பிறகு வானத்தை மாற்ற வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் எடுத்த படத்தில் வானம் வெளுத்துத்தான் இருக்கும். பேனர் போட வருகிறவர்களுக்கு அது பிடிக்காது. கம்ப்யூட்டரில் ‘வானம்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதிலிருந்து நல்ல நீலமாக ஒன்றை எடுத்து மலைக்குப் பின்னால் ஒட்டிவிடுவோம். பன்னிரண்டாவது முடித்து வேங்கிக்காலில் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்ததிலிருந்து நானும் இப்படித்தான் செய்துவருகிறேன்.

ஒரு கோடையில் அடி அண்ணாமலையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் பேசக் கூச்சப்பட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தேன். வேர்க்கடலை பிடுங்கிய நிலத்துக்கு அப்பால் சாயங்கால வெளிச்சத்தில் மலை நின்றது. ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். மறுநாள் கடையில் கம்பத்தை அழித்தேன், வானத்தை மாற்றினேன். ஒரு கல்யாண பேனரில் அது அச்சாகி வெளியே நின்ற பிறகுதான் கவனித்தேன். கம்பத்தை அழித்த நான் அதன் நிழலை அழிக்கவில்லை. ஒன்றும் நிற்காத நிலத்தில் நிழல் மட்டும் மலையைப் பார்த்து நீட்டிப் படுத்திருந்தது.

யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. படம் மட்டும் ஊர் சுற்ற ஆரம்பித்தது. ஃபோனுக்கு வரும் காலை வணக்கத்தில், ஸ்வீட் கடை காலண்டரில், மினி பஸ்ஸின் முதுகில் என்று எங்கெங்கோ பார்த்தேன். நிழலை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வேன். கோபம் வரவில்லை. எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன்.

போன வருஷம் கார்த்திகை தீபத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ரமணாசிரமம் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் அக்கா கடைக்குள் வந்து ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“என் பேஜை மூடிட்டாங்கம்மா! நீ குடுத்த படந்தான். வேற எவனோ அவனுதுன்றான்.”

அவருடைய பேஜின் முகப்புக்கு அந்த மலைப் படத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அவருக்கு ஆட்கள் வருவதே அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். தீபத்துக்கு முன்னால் அது திறக்காவிட்டால் அறைகள் காலியாகக் கிடக்கும். படங்களை விற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தன் படத்தைத் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் படுத்திருந்தது.

“அக்கா, இது என் படம்” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

“அப்புறம் இன்னா? எழுதிப் போடு!”

பக்கத்தை மூடியவர்கள் அனுப்பிய படிவத்தில் இரண்டு வழிகள் இருந்தன. திருட்டை ஒப்புக்கொண்டு படத்தை எடுத்துவிடலாம். ஆனால் அக்காவின் பக்கத்தில் அந்தக் குற்றம் பதிவாகிவிடும். இல்லையென்றால், ‘இது முழுவதும் எங்கள் படைப்பு’ என்ற வரிக்கு டிக் போட்டு எதிர்ப்புச் சொல்லலாம். என் விரல் அங்கேயே நின்றது.

“வானம் என்னுது இல்லக்கா.”

“மேகத்துக்கெல்லாம் பட்டா வெச்சிருக்கானா? போடும்மா.”

முதலாளியைக் கேட்டேன். “அதுவா? நான் வேலை கத்துக்கின கடையிலருந்து காப்பி பண்ணிக்கினு வந்தேன். அவங்க எங்க எடுத்தாங்களோ. எல்லாக் கடையிலயும் இதே வானந்தாம்மா” என்றார்.

அந்த வானத்தைத் தனியாகத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனேன். இத்தனை வருஷமும் அதை நான் உற்றுப் பார்த்ததில்லை. மேகத்தின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கறுப்புக் கீற்று. கரண்ட் கம்பியின் துண்டு. யாரோ கம்பி முழுவதையும் அழித்துவிட்டு அதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, என்னைப் போலவே ஒருவர். அதற்குப் பிறகு அந்த டிக் போட எனக்குக் கை வரவில்லை.

கீழே, வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கிலீஷ் வராது, தமிழிலேயே எழுதினேன். மலையையும் நிலத்தையும் எடுத்தது நான், கம்பத்தை அழித்ததும் நான், வானம் யாருடையது என்று தெரியவில்லை, புகார் கொடுத்தவருக்குத் தெரிந்தால் சொல்லவும். கூடவே ஃபோனில் எடுத்த பழைய படத்தைக் கம்பத்தோடும் வெள்ளை வானத்தோடும் இணைத்தேன். இனி இதையே வைத்துக்கொள்கிறோம் என்றும் சேர்த்தேன். அடியில் என் பெயரைப் போட்டேன். எந்தப் படத்துக்கும் அதுவரை நான் பெயர் போட்டதில்லை.

“இவ்ளோ கதை எதுக்கு? அவன் படிப்பானா?” என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தீபத்துக்கு முந்தின வாரம் பக்கம் திறந்தது. கம்பத்தோடு இருந்த படத்தையே அதில் போட்டோம். குற்றம் எதுவும் பதிவாகவில்லை. வானத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பதில் இல்லை.

தீபம் முடிந்த மறுநாள் அக்கா ஃபோன் பண்ணினார். அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன.

“ஏம்மா, ஒரு வெள்ளைக்காரம்மா படத்தைக் காட்டி அந்தக் கம்பம் எங்க இருக்குதுன்னு கேக்குது. மலையை வுட்டுட்டு கம்பத்தைக் கேக்குது பாரு! எங்க எடுத்தேன்னு சொல்லு, ஆட்டோ ஏத்தி வுடணும்.”

வழி சொன்னேன். சாயங்காலமாக அனுப்பச் சொன்னேன். அப்போதுதான் நிழல் சரியாக விழும்.