எண்ணெய்க் கை

கடலைமிட்டாய் போடுகிறவன் கையில் எப்போதும் கொஞ்சம் கடலை எண்ணெய் இருக்கும். பாகு ஒட்டக் கூடாது என்று தடவிக்கொள்வது. கோவில்பட்டியில் இருபது வருஷமாக இதுதான் எனக்குத் தொழில். வீட்டில் சப்பாத்தி மாவைத் தொடப் போனாலும் கை முதலில் எண்ணெய்யைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தால் என் அக்காவின் ஒரு வருஷ வெள்ளாமை கெட்டது. அதைவிட வெட்கக்கேடு, அதற்கப்புறம் நான் நடந்துகொண்டது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாகலாபுரம் பக்கம். மானாவாரிக் கரிசலில் மிளகாய் போடுகிறார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரியிடம் வத்தலைக் கொடுக்க மனமில்லாமல், வெளியூர்ச் சந்தைகளுக்குத் தாங்களே கொண்டுபோவது என்று போன வருஷம் முடிவெடுத்தார்கள். அத்தான் தன் குட்டியானை வண்டியின் பின்பக்கம் தகரத்தில் ஒரு அறை கட்டினார். பாதி இடம் மூட்டைகளுக்கு, மீதியில் இரண்டு பேர் படுக்க ஒரு பலகை. அக்கா பழைய சேலையைக் கிழித்து அதற்கு ஜன்னல் திரை தைத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

கூரைத் தகரங்கள் சேருகிற இடுக்கில் மழை இறங்காமல் சீலண்ட் வைத்து அடைக்க வேண்டியிருந்தது. "கயத்தாத்துல லாரிக்குப் பாடி கட்டுத அண்ணாச்சியக் கூட்டிட்டு வாரேன்" என்றார் அத்தான். நான் விடவில்லை.

"அவரு எதுக்கு அத்தான்? பாகுலயே பொழைக்கிறவன் நான். இது என்ன பெரிய பசை?" என்று சவடால் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி வைத்து ஏறினேன். கடையில் வாங்கிய சீலண்ட் குழாய் பழசு போலிருக்கிறது, உள்ளே இறுகிக் கிடந்தது. அதைப் பிதுக்குகிற துப்பாக்கியில் மாட்டி விசையை அழுத்தினால் எலிப்புழுக்கை அளவுக்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அழுத்தினேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். வேறு குழாய் வாங்கி வரலாமா என்று கீழே நின்ற அத்தான் கேட்டார். அத்தனை பேசியவன் எந்த முகத்தோடு இறங்குவது? "இது முத்தின பாகு மாதிரிதான் அத்தான். பதம் எனக்குத் தெரியும், நீங்க கடைக்குப் போய்க் காப்பி குடிங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அக்கா களத்தில் இருந்தாள். அடுப்படிக்குள் போய் நானே ஒரு கிண்ணத்தில் கடலை எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தேன். குழாயைக் கத்தியால் கிழித்து, உள்ளே இருந்ததை உருண்டையாக எடுத்தேன். எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசைந்ததில் அது இளகி, சொன்ன பேச்சுக் கேட்டது. இடுக்கு முழுக்க அழுத்தி வைத்து, கட்டைவிரலால் நீவிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. கையில் ஒட்டாத பொருள் தகரத்தில் மட்டும் எப்படி ஒட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாசிக் கடைசியில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, மறுநாள் கிளம்ப இருந்தார்கள். அன்று சாயங்காலம் பிடித்தது ஒரு நேரங்கெட்ட மழை. தம்பி அடைத்த கூரை என்ற நம்பிக்கையில் வண்டியை வெட்டவெளியிலேயே விட்டிருந்தார்கள். காலையில் போன் வந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஊறிப்போன மூட்டைகளைப் பிரித்துக் களத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். இனி எத்தனை வெயில் காட்டினாலும் அந்த வத்தல் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"எந்தம்பி செஞ்சது ஒழுகாது. இவியதான் மேல ஏறி மிதிச்சிருப்பாவ" என்று அத்தானைக் காட்டி என்னிடம் அழுதாள்.

அத்தான் ஏணியில் நின்றிருந்தார். நான் வைத்த சீலண்ட் முழு நீளத்துக்கும் நாடா போல அவர் கையோடு உரிந்து வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆமா, தார்ப்பாய் கட்டலாம்னு ஏறுனேன். நான்தான் மிதிச்சுட்டேன் போல" என்றார் அக்காவிடம்.

நான் அதற்குத் தலையை வேறு ஆட்டினேன். அன்று மத்தியானம் அக்கா எனக்குத்தான் முதலில் சோறு போட்டாள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

இந்த வருஷம் தை மாதம் அத்தான் கூப்பிட்டார். புதுக் குழாய் வாங்கி வைத்திருந்தார். "நீயே அடைச்சிரு மாப்ள" என்றார். நான் ஏணியில் கால் வைக்கும் முன், அக்கா பார்க்காத பக்கமாகத் திரும்பி என் கையில் ஒரு சோப்புக் கட்டியை வைத்தார். முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன்.

"ஏலே, கை கழுவ இம்புட்டு நேரமா?" என்று அக்கா சிரித்தாள். பிறகு அத்தானிடம் திரும்பி, "இந்தத் தடவயாவது மேல ஏறாம இருங்க" என்றாள்.

"சரி, ஏறல" என்றார் அத்தான். அப்போதும் நான் சொல்லவில்லை.