என்மேல் ஒரு புகாரும் இல்லை

பெண் கொடுப்பதற்கு முன் பையனைப் பற்றி அவன் ஊர் டீக்கடையில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஜாதகம் பொய் சொன்னாலும் சொல்லும், டீக்கடை சொல்லாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். நானோ விடிந்ததும் பொம்மிடியில் ரயிலேறி சேலத்துக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். டீயும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே என்னைப் பற்றிச் சொல்ல ஊர் டீக்கடைக்கு எதுவுமே இல்லை.

முப்பத்துநான்கு வயதில் ஏரியூர்ப் பெண் ஒருத்தி அமைந்தாள். போட்டோவிலேயே பிடித்துவிட்டது. போனில் பேசிய பிறகு, இது மட்டும் தவறிப்போனால் தாங்கமாட்டேன் என்றாகிவிட்டது.

அவளுடைய அப்பா குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டேஷன் டீக்கடை, சலூன், மளிகைக்கடை என்று ஏறி இறங்கி, "பையன் எப்படிங்க?" என்று விசாரித்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கெட்டதா ஒண்ணும் கேள்விப்பட்டதில்லைங்க."

வேறொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இவர் தரகருக்குப் போன் போட்டார். "முப்பத்துநாலு வயசு ஆம்பளைங்க. ஒரு குறைகூட ஒருத்தருக்கும் தெரியலைன்னா ஊரே சேர்ந்து மறைக்குதுன்னு அர்த்தம். என்னமோ பெருசா இருக்குதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இல்லாத பழக்கம் இல்லை என்பதற்கு எங்கே போய் அத்தாட்சி வாங்குவது? அம்மா ஒரு மூச்சு அழுதாள். "அப்பவே சொன்னேன், நாலு பசங்களோட சேர்ந்து சுத்துடான்னு. கேட்டியா?"

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நேரே டீக்கடைக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். தரகரிடமும் கெஞ்சி, பெண்ணின் அப்பாவை இன்னொரு தடவை விசாரிக்க வரவைத்தார். இந்தத் தடவை டீக்கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. தம்பி எப்பவாச்சும் ஒரு சிகரெட் புடிக்குமுங்க."

"அவ்ளோதானா!" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். மறு வாரமே பூ வைத்து உறுதி செய்துவிட்டார்கள்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றுவரை நான் சிகரெட்டைத் தொட்டதில்லை. மாமனார் வரும்போதெல்லாம் பேச்சுவாக்கில் என் பக்கம் குனிந்து மோந்து பார்ப்பார், சட்டைப் பையைக் கண்ணால் துழாவுவார். ஒன்றும் இருக்காது. "வாசனைகூட வரலை பாரு. என்னமா மறைக்கறாரு மாப்ள!" என்று மகளிடம் மெச்சிக்கொள்வார்.

போன பொங்கலுக்கு அவர் வந்திருந்தபோது பொறுக்கமாட்டாமல், உண்மையைச் சொல்லிவிடுவதென்று எழுந்தேன். மனைவி கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"சும்மா இருங்க. ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்கன்னா, மறுபடியும் ஊரெல்லாம் விசாரிக்கக் கெளம்பிடுவாரு."

இவளாவது என்னை நம்புகிறாளே என்று மனசு குளிர்ந்துபோனது. திரும்பி அடுப்படி வாசல்வரைக்கும் போயிருப்பேன். பின்னாலிருந்து அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஆமா, ரயில்லகூடவா புடிக்கறதில்ல?"