வெடிக்கும் முன்னே ஒரு வளையம்

உள்ளாடைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் இடுப்புப்பட்டி தைத்தவளை எல்லோரும் எலாஸ்டிக் அக்கா என்றே கூப்பிட்டார்கள். "எவ்வளவு இழுத்தாலும் அறுந்து போகாதவ" என்று மேற்பார்வையாளர் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே தைப்பாள்.

வயிறு வீங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூத்தவளைப் பெற்றபோது ஏற்றிய ரத்தத்தோடு வந்த கிருமி, சத்தமில்லாமல் ஈரலைத் தழும்பாக்கியிருந்தது. ஈரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்களில் தேங்கி, அவை புடைத்து நின்றன.

"வெடிச்சா உயிருக்கே ஆபத்தும்மா," என்றார் டாக்டர். "நல்லவேளை, இன்னும் வெடிக்கல. வாய்வழியா குழாய் விட்டு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிடலாம்."

காவலாளியான அவள் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஈரல் வார்டுன்னாலே குடிகாரங்க வார்டுடி. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ரத்தம் வந்தா பாத்துக்கலாம்."

"துணி அவுந்து விழுந்த பிறகா எலாஸ்டிக் வைப்பாங்க?"

ஊர்வாய்க்குப் பயந்து உயிரை விடச் சொல்வதற்குப் பெயர் மானமா? அவள் கிளம்பிவிட்டாள். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

வார்டு வாசல் பெஞ்சில், கண் மஞ்சளித்த லாரி மெக்கானிக் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். யாரும் கேட்காமலேயே கணவர் உரக்கச் சொன்னார்: "இவளுக்கு ரத்தம் ஏத்தினதால வந்தது. குடிச்சுக் கெட்டவ இல்ல."

மெக்கானிக் எழுந்தான். "நான் குடிச்சுக் கெட்டவன்தான்க்கா. விட்டு ஒரு வருஷமாச்சு, வீட்ல யாரும் நம்பல. கூட ஆள் இல்லாம உள்ள விட மாட்டாங்களாம். நான் வரேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு தம்பி." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "என்னோடது ரத்தம், இவனோடது சாக்கடைத் தண்ணியா? உள்ள இருக்கிற ரத்தக்குழாய் என்ன, காரணம் கேட்டுட்டா வெடிக்குது?"

கதவு திறந்தது.

"இந்தத் தம்பி கூட வந்தது யாரு?" என்றாள் நர்ஸ்.

பெஞ்சு கிறீச்சிட்டது. "நான்தான்," என்று எழுந்தார் கணவர்.

"என்ன உறவு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சினன்."

அவனுக்கு வளையம் போட்டு முடித்த பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே அவளுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவனுக்கு இன்னும் மயக்கம் சரியாகத் தெளியவில்லை.