அட்டைப் பாப்பா புறப்பாடு

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு சாமி புறப்பாடு. எந்தக் கோயிலிலிருந்து என்று கேட்காதீர்கள். மூலை மளிகைக் கடையிலிருந்து!

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பம்பரம், கோலி எல்லாம் அப்புறம்தான். முதலில் சாமி தூக்கும் விளையாட்டு. இரண்டு மூங்கில், நடுவே ஒரு பலகை, கலர் காகிதத்தில் குடை — பல்லக்கு தயார். பலகையில் களிமண் பிள்ளையாரோ, பொம்மைப் பெருமாளோ உட்காருவார். நெசவாளர் தெரு ஆயிற்றே... தறியில் மிஞ்சின பட்டுத் துண்டைச் சாத்திவிடுவார்கள். நானும் மாடியிலிருந்து பார்த்து ரசிக்கிற கட்சிதான்.

அன்று அவர்கள் ஏற்றியிருந்தது ஓர் அட்டைக் குழந்தையை. பால் பவுடர் கம்பெனிக்காரன் கடை வாசலில் நிறுத்தியிருந்த முழங்கால் உயர விளம்பரம். (பெயரைச் சொல்லி நானும் ஓசியில் விளம்பரம் செய்வானேன்?) மழையில் ஒரு காது ஊறிப்போனதால் கடைக்காரர் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர்ப் பெருமாள் வரதர் வீதியுலா வரும்போது முன்னே ஒரு கோஷ்டி, பின்னே ஒரு கோஷ்டி ஓதிக்கொண்டு போகும் அல்லவா? இவர்களும் அப்படியே.

"கொழுகொழு பாப்பா சிரிப்பது ஏன்?" என்று முன்கோஷ்டி இழுக்கிறது.

"குடிப்பது டின் பால், அதனால்தான்!" — இது பின்கோஷ்டி.

டீக்கடை டிரான்சிஸ்டரில் தினமும் கேட்கிற பாட்டுதான். ஆனால் கரண்ட் போன அந்தி நேரம். தறிச் சத்தமும் அடங்கிவிட்ட தெரு. அதில் அத்தனை பிஞ்சுக் குரல்களும் ஏற்ற இறக்கமே இல்லாமல் அதை ஓதிக்கொண்டு வந்தபோது... எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பல்லக்கு எதிர்வீட்டு வாசலில் நின்றது. ஒரு பையன் கைமணியை ஆட்டினான். மணிச் சத்தம் கேட்டால் எந்தச் சாமி என்று இந்த ஊரில் யார் விசாரிக்கிறார்கள்? கை தானாகக் கற்பூரத்தைத் தேடும். உள்ளே பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்த சரசு, தட்டோடு ஓடி வந்தாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை.

கற்பூரத்தை ஏற்றி உயர்த்தினாள். வெளிச்சம் அட்டை முகத்தில் விழுந்தது.

'அடப் பாவிங்களா!' என்று சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

அவள் சிரிக்கவில்லை. தட்டை நிதானமாகச் சுற்றினாள். பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சுடர் ஆடின ஆட்டத்தில் அந்த அட்டை உதடு அசைகிற மாதிரி இருந்தது. சரசு தன் குழந்தையைத் தூக்கி அதன் எதிரில் பிடித்தாள்.

"எம் புள்ளையும் உன்ன மாதிரி ஆவணும்பா... சாமி!"

அப்போதுதான் அந்தக் குழந்தையை நன்றாகப் பார்த்தேன். கை கால் சுள்ளியாக, கண் மட்டும் பெரிதாக... அழக்கூட இல்லை. இரண்டில் எது அட்டை, எது உயிர்? இறங்கி ஓடினேன்.

"என்ன சரசு குடுக்கிறே இவனுக்கு?"

"டின் பாலுதான்க்கா. டின்னு சீக்கிரமா தீந்துடுது. அதான் தண்ணிய ஜாஸ்தியா ஊத்திக் குடுத்துக்கினு இருக்கறேன்."

"உன் பால்?"

"அத்த நிறுத்தி ரொம்ப நாளாவுது."

"யார் நிறுத்தச் சொன்னது?"

அவள் பல்லக்கைக் காட்டினாள்.

விளம்பரம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பிள்ளைகள் அதைச் சாமியாக்கினது விளையாட்டுக்கு. பெரியவர்கள் நாம் அதற்கு முன்னாலேயே ஆக்கிவிட்டோமே... அதை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலையில் சரசுவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேடி டாக்டர் திட்டின திட்டு இருக்கிறதே! எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா புள்ள உன் கையில இருந்திருக்காதும்மா. உன் பாலையே குடு. வத்திப் போனாலும் பரவாயில்ல... குழந்தை சப்பச் சப்பச் சுரக்கும்."

சரசு மார்போடு அணைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி அணைத்தாள். மறுபடியும் திருப்பிக்கொண்டு, பெற்றவளை யாரோ என்பது போலப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்?

பசியோ என்னவோ, கடைசியில் வாயை வைத்தது. சப்பியது.

சரசு நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமான சந்தேகம்தான்.

"எம் பாலு நல்லதுன்னு ரேடியோவுல ஒருத்தருமே சொல்லலியே, டாக்டரம்மா?"

யார் சொல்வார்கள்? தாய்ப்பாலை விற்க ஒரு கம்பெனி இல்லையே!