தீபத்தன்று மேட்னி

ஒரு படத்தின் கடைசிக் காட்சி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்த தாயை நிற்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். தொலைந்த பிள்ளை வளர்ந்து, தோளில் இருக்கும் தழும்பால் அம்மாவோடு சேருகிற கதை. "தழும்பு இல்லன்னா இன்னா மாமா பண்ணுவாங்க?" என்று மருமகள் சிரித்தாள். எனக்கோ புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரிகிற வாடை வந்தது. காலையில் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. அந்த வாடை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பி.ஏ. முடித்துவிட்டு இங்கே திருவண்ணாமலையில் ஒரு தியேட்டரில் மேனேஜராக இருந்தேன். படிப்புக்குக் கிடைத்த மரியாதை ஒரு சுழல் நாற்காலி. தீபத்தன்று, மலைமேல் தீபம் ஏற்றுவதற்குள் மேட்னியை முடித்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ஜனம் பாதியில் எழுந்துபோய், மறுநாள் வந்து சண்டை பிடிக்கும்.

அந்தப் படம் ஓடிய தீபத்தன்று, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்திருந்த முனியம்மா தரை டிக்கெட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"சார், எம்புள்ளயக் காணோம். லைட்டு போடச் சொல்லு சார்."

"கிளைமாக்ஸ் ஓடுதும்மா. பத்து நிமிஷம் இரு. உள்ளதான் இருப்பான்."

"நாலு வயசு சார். செல்வம்னு கூப்ட்டா வந்துடுவான்."

"சொல்றேன்ல, நில்லும்மா."

நின்றாள். உள்ளே தியேட்டரே அழுதுகொண்டிருந்தது, திரையில் இருந்த பிள்ளைக்காக. கதவிடுக்கில் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

படம் முடிந்து கதவுகளைத் திறந்ததும் கூட்டம் தீபம் பார்க்கப் பாய்ந்தது. வெளியே எல்லார் கண்ணும் மலை உச்சியில். அரோகரா முழக்கத்தில் அவள் மகனைக் கூப்பிட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. திரைக்குக் கீழே ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்ததாக முறுக்கு விற்கிறவன் பிறகு சொன்னான். விளக்கைப் போட்டிருந்தால் தெரிந்திருப்பான்.

போலீஸ் தேடியது. நானும் ஊர் ஊராக அலைந்தேன். கிடைக்கவில்லை. வேலையை விட்டேன். மறு வருடத்திலிருந்து தீபத்துக்குத் தீபம், கோயில் அருகே தொலைந்த பிள்ளைகளை அறிவிக்கிற மைக் பந்தலில் போய் உட்கார்ந்தேன். என் குரலைக் கேட்டு எத்தனையோ பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். முனியம்மாவும் வருவாள். "எம்புள்ள பேரையும் ஒருவாட்டி கூப்புடு சார்" என்பாள். நாலு வயது செல்வம் என்று கூப்பிடுவேன்.

ஒரு வருடம் என் சட்டையைப் பிடித்தாள். "நாலு வயசுன்னா அவன் ஏன் சார் திரும்பிப் பாக்கப்போறான்? இப்ப மீச மொளச்சிருக்கும். வயசக் கூட்டிச் சொல்லு."

கூட்டிக்கொண்டே போனேன். முப்பது வயது செல்வம் என்று அறிவித்த வருடம், புதிதாக வந்த போலீஸ்காரர் கேட்டார்: "இன்னா சார், கொழந்தைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிருக்கும்" என்றாள் முனியம்மா, நிஜமாகவே சந்தோஷப்பட்டு.

என்னை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். குழந்தைகளின் கையில் போலீஸே போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறது. நல்லதுதான், என் குரலுக்கு வேலை இல்லை. முனியம்மாவும் போய்விட்டாள். போன தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்தபோது, நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே வருகிற ஆண்களின் முகங்களைப் பார்த்து நின்றேன். செல்வத்துக்கு இப்போது என்ன வயது என்று கணக்கு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.